பிரித்தானியக் குடியுரிமைத் தேர்வு: ஒரு வரலாற்று நோக்கு

பிரித்தானியக் குடியுரிமையை வேண்டி நிற்கும் ஒருவர், அந்நாட்டின் வாழ்வியல் பற்றிய தேர்வொன்றில் சித்தியெய்தல் வேண்டும் என்னும் விதி 2005ஆம் ஆண்டு நவம்பர் முதலாம் நாள் நடைமுறைக்கு வந்தது. வினாக்கள் 24, நேரம் 45 நிமிடம், சித்தியெய்துவதற்கு நூற்றுக்கு 75 வீதம், அதாவது 18 வினாக்களுக்குச் சரியான விடை வேண்டும். நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரிதல், நான்கினுள் இரண்டைத் தெரிதல், கூற்று மெய்யா பொய்யா எனக் கூறுதல், இரு கூற்றுகளுள் சரியானதைச் சுட்டுதல் என வினாக்கள் நால்வகைப்படும். பேனா பிடித்து எழுதவேண்டியது ஏதுமில்லை; கணினித் திரையில் விடையைத் தெரிவு செய்தாற் போதும். அண்மை ஆண்டுகளில் இதற்கான கட்டணம் 50 பவுணாக இருந்து வருகின்றது. சித்தியடையாதவர் மீண்டும் பணம் செலுத்தி எத்தனை தடவையும் பரீட்சைக்குத் தோற்றலாம். பரீட்சைக்குத் தோற்றுவதும் பரீட்சையில் தோற்பதும் தமிழில் ஒலியால் மிக நெருங்கிய சொற்களாய் அமைந்தமை ஒரு விநோதமே.

யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடமொன்றில் சங்கிலி மன்னனையும் துட்டகைமுனுவையும் படித்த ஒருவர், ஐம்பது வயதில், இரவு வேலை முடிந்து திரும்பும் பேருந்தில் எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவியரை வரிசைப்படி மனனம் செய்கிறார். கி.பி. 43இல் உரோமப் பேரரசன் குளோடியஸ் படையெடுத்தமை, 1066இல் ஹேஸ்டிங்ஸ் போர், 1215இல் மக்னா கார்ட்டா, 1348இல் கறுப்புச் சாவு எனப்பட்ட கொள்ளைநோய், 1588இல் ஸ்பானியக் கடற்படையின் தோல்வி, 1707இல் ஸ்கொட்லாந்துடனான ஒன்றிப்பு என ஆண்டுகள் அணிவகுக்கின்றன. நான்கு பகுதிகளுக்கும் நான்கு காவற் புனிதர். அவர்களுக்குரிய நாள்கள் மார்ச் 1, மார்ச் 17, ஏப்ரல் 23, நவம்பர் 30. இவற்றுள் எந்த நாள் வேல்ஸுக்குரியது, எது ஸ்கொட்லாந்துக்குரியது என்று கேட்டால் தடுமாறுகிற ஆங்கிலேயர் பலர் உளர். நிகண்டையும் வாய்ப்பாட்டையும் ஒப்புவித்துப் பழகிய மரபில் வந்தவர்க்கு இது கைவந்த கலை என்று சொல்லலாம். ஆயினும் மனனம் செய்யப்படுவது எது, அதனை யார் தெரிந்தெடுத்தார், எதற்காகத் தெரிந்தெடுத்தார் என்பன வரலாற்று நோக்கில் ஆராயத்தக்க வினாக்கள்.

இவ்வகைத் தேர்வு பிரித்தானியாவின் பழைய வழக்கமன்று. அந்நாடு அந்நியரைத் தன்னவராக ஏற்றுக்கொண்டு வந்த நான்கு நூற்றாண்டுக் கதையில் இது மிகப் பிந்திய அத்தியாயம். முதலிற் கேட்கப்பட்டது பிறப்பு, அடுத்துச் சமயம், பின்னர் வசித்த ஆண்டுகளும் நன்னடத்தையும், அதன்பின் மொழி. வரலாற்றறிவு கடைசியாகவே வந்து சேர்ந்தது.

1608ஆம் ஆண்டின் கல்வின் வழக்கிலிருந்து தொடங்குதல் பொருந்தும். 1603இல் ஸ்கொட்லாந்து மன்னன் ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸாகவும் முடிசூடினான். அதன்பின் ஸ்கொட்லாந்திற் பிறந்த ரொபேட் கல்வின் என்னும் குழந்தைக்கு இங்கிலாந்தில் நிலம் வைத்திருக்கும் உரிமை உண்டா என்பதே வழக்கு. ஒரே அரசனின் ஆணைக்குட்பட்ட மண்ணிற் பிறந்தவன் இங்கிலாந்திலும் அந்நியனல்லன் என நீதிபதிகள் தீர்த்தனர். எட்வேட் கோக் எழுதிவைத்த அத்தீர்ப்பின்படி அரசனுக்கும் குடிக்கும் இடையிலான பிணைப்பு இயற்கையானது, பிறக்கும்போதே உண்டாவது, விட்டுவிலக முடியாதது. தொட்டிலிற் கிடந்த குழந்தையிடம் எவரும் எதனையும் வினவவில்லை. தமிழில் ‘குடி’ என்னும் சொல் அரசனுக்கு அடங்கிய குடியையும் உரிமை பெற்ற குடியையும் ஒருங்கே தாங்குகின்றது. இலங்கைத் தமிழில் வழங்கும் ‘பிரசாவுரிமை’ என்னும் தொடரில் அரசனின் பிரசையே இன்றும் ஒளிந்திருக்கிறான். ஆங்கிலேயரோ இவ்விரண்டுக்கும் வெவ்வேறு சொற்களை வைத்துக்கொண்டு, முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு நகர்வதற்கு 340 ஆண்டுகள் எடுத்துக்கொண்டனர்.

அந்நிய மண்ணிற் பிறந்தவர் குடியாவதற்குப் பாராளுமன்றம் அவர் பெயரிலேயே தனிச்சட்டம் இயற்றவேண்டும். பணமும் செல்வாக்கும் உடையோர்க்கே அது கைகூடியது. ஜேர்மனியிற் பிறந்த இசைமேதை ஹண்டெல் 1727இல் இவ்வாறே பிரித்தானியக் குடியானார். ஆனால் பணம் மட்டும் போதாது. முதலாம் ஜேம்ஸின் காலத்துச் சட்டமொன்று, இவ்வாறு குடியாக விரும்புவோர் புரட்டஸ்தாந்து முறைப்படி திருவிருந்தில் பங்குபற்ற வேண்டும் எனவும் அரசனே திருச்சபைக்குத் தலைவன் என்று சத்தியஞ் செய்ய வேண்டும் எனவும் விதித்தது. கத்தோலிக்கருக்கும் யூதருக்கும் இதனால் வாயில் அடைபட்டது. பிரித்தானியா நடத்திய முதலாவது குடியுரிமைத் தேர்வு தேவாலயப் பீடத்தின் முன்னால் நடந்தது எனலாம். 1740ஆம் ஆண்டுச் சட்டம், அமெரிக்கக் குடியேற்றங்களில் ஏழாண்டு வாழ்ந்த யூதருக்குத் திருவிருந்து நிபந்தனையைத் தளர்த்தியது. அதே சலுகையை 1753இல் இங்கிலாந்தின் யூதருக்கும் நீட்ட முயன்றபோது நாடெங்கும் எழுந்த கூச்சலைத் தாங்கமாட்டாது, தான் இயற்றிய சட்டத்தைப் பாராளுமன்றம் சில மாதங்களிலேயே நீக்கிவிட்டது. தேர்தல் நெருங்கியிருந்தமையும் அதற்கொரு காரணம். குடியுரிமைச் சட்டங்களை அறிவு ஆக்குவதும் அச்சம் அழிப்பதும் அன்று தொடங்கிய வழக்கமே.

1844இல் நிலைமை மாறியது. தனிச்சட்டத்துக்குப் பதிலாக உள்துறை அமைச்சரின் சான்றிதழ் போதுமாயிற்று. 1870ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்தாண்டு வதிவிடத்தை நிபந்தனையாக்கியது. பிறப்பாலான பிணைப்பை ஒருவர் விரும்பினால் அறுத்துக்கொள்ளவும் முதன்முறையாக இடமளித்தது. கோக்கின் கோட்பாடு அவ்வளவில் முடிந்தது. ஆனால் அதே சட்டம், அந்நியனை மணந்த பிரித்தானியப் பெண் தன் நாட்டுரிமையை இழப்பாள் எனவும் விதித்தது. இக்குறை முற்றாக நீங்க 1948ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. சான்றிதழ் அளிப்பதும் மறுப்பதும் அமைச்சரின் விருப்பு. 1874இல் விண்ணப்பித்த கார்ல் மார்க்சுக்கு, இலண்டனில் இருபத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்திருந்தும், அது மறுக்கப்பட்டது. அவர் சொந்த அரசனுக்கே விசுவாசமற்றவர் என்று பொலிஸார் அறிக்கை கொடுத்திருந்தனர். பிரித்தானிய வரலாற்றைப் பற்றி அவரிடம் வினாத்தாள் நீட்டியிருந்தால், பிரித்தானிய நூதனசாலையின் வாசிகசாலையில் ஆண்டுக்கணக்காக அமர்ந்திருந்த அம்மனிதர் எளிதிற் சித்தியெய்தியிருப்பார்.

மொழியறிவு 1914ஆம் ஆண்டுச் சட்டத்தோடு நுழைந்தது. விண்ணப்பதாரர் ஆங்கிலத்திற் போதிய அறிவுடையவராதல் வேண்டும் என்று அது கூறியது. மொழியைச் சோதித்து மனிதரைத் தெரியும் முறையைப் பேரரசின் குடியேற்ற நாடுகள் அதற்கு முன்பே கையாண்டு பழகியிருந்தன. தென்னாபிரிக்காவின் நேற்றால் பகுதியில் 1897இல் இயற்றப்பட்ட சட்டம், வந்திறங்குவோர் ஐரோப்பிய மொழியொன்றில் விண்ணப்பம் எழுதிக்காட்ட வேண்டும் என்றது. அதே ஆண்டு ஜனவரியில் டேர்பனிற் கரையிறங்கிய காந்தியை வெள்ளையர் கும்பலொன்று தாக்கியிருந்தது என்பதை நினைவிற் கொண்டால், அச்சட்டம் யாரைக் கருதி எழுதப்பட்டது என்பது விளங்கும். சட்டத்தின் வாசகத்தில் இந்தியர் என்னும் சொல்லே இல்லை. பேரரசின் குடிகள் அனைவரும் சமம் என்னும் வாய்ப்பேச்சுக்கு ஊறு நேராமல், வேண்டாதவரைத் தடுக்க இது உதவிற்று. குடியேற்ற நாட்டு அமைச்சர் ஜோசப் சேம்பர்லேன் இம்முறையையே ஏனைய குடியேற்றங்களுக்கும் பரிந்துரைத்தார்.

1901இல் அவுஸ்திரேலியா அதனைத் தனதாக்கிக்கொண்டது. அதிகாரி தெரிவு செய்யும் ஐரோப்பிய மொழியொன்றில் 50 சொற்களைச் சொல்வதெழுத வேண்டும். மொழியைத் தெரிபவர் அதிகாரி; ஆகவே யாரைத் தோற்கடிக்க விரும்பினாலும் தோற்கடிக்கலாம். 1909க்குப் பின் இதில் ஒருவரேனும் தேறவில்லை. 1934இல் பாசிச எதிர்ப்பாளரும் எழுத்தாளருமான எகொன் கிஷ் அங்கு வந்தபோது அவரைக் கரையிறங்க விடவில்லை. அவர் மெல்பேர்ண் துறைமுகத்தில் கப்பலிலிருந்து குதித்துக் காலை முறித்துக்கொண்டார். பல ஐரோப்பிய மொழிகள் அறிந்த அவரைத் தோற்கடிக்க அதிகாரிகள் ஸ்கொட்லாந்துக் கேலிக் மொழியைத் தெரிந்தனர். அது சட்டம் கருதும் ஐரோப்பிய மொழியன்று எனக் கூறி உயர் நீதிமன்றம் அச்சோதனையைத் தள்ளியது. இச்சொல்வதெழுதற் சோதனை 1958இல் ஒழிக்கப்பட்டது. கிஷ்ஷைத் தடுப்பதற்கு எடுத்த அதே கேலிக் மொழியில், இக்காலத்துப் பிரித்தானியத் தேர்வை ஸ்கொட்லாந்தில் இருப்போர் விரும்பினால் எழுதலாம் என்பதை இங்குக் குறித்துவைக்கலாம். வேல்ஸில் வெல்ஷ் மொழிக்கும் அவ்வுரிமை உண்டு.

இரண்டாம் உலகப்போரின் பின் பிரித்தானியா எதிர்த்திசையில் ஓரடி எடுத்து வைத்தது. 1948ஆம் ஆண்டு நாட்டுரிமைச் சட்டம் ‘ஐக்கிய இராச்சியத்தினதும் குடியேற்றங்களினதும் குடிமகன்’ என்னும் நிலையை உண்டாக்கியது. குடிமகன் என்ற சொல் பிரித்தானிய நாட்டுரிமையின் பெயராகச் சட்டத்தில் ஏறியது அப்போதுதான். சுதந்திரம் பெற்ற பொதுநலவாய நாடுகளின் மக்களும் தடையின்றி வந்து வாழலாம். ஓராண்டு வதிந்தபின் பதிவு செய்து குடியுரிமை பெறலாம். அவ்வாண்டு ஜூன் 22இல் எம்பயர் விண்ட்ரஷ் கப்பல் மேற்கிந்தியத் தீவினரைத் தில்பரித் துறைமுகத்தில் இறக்கியபோது அவர்கள் அந்நியராக இறங்கவில்லை. ஐம்பதுகளில் கல்விக்கும் தொழிலுக்கும் இலண்டன் வந்த இலங்கைத் தமிழரும் அவ்வாறே. வாக்களிக்கும் உரிமை கூட அவர்களுக்கிருந்தது. இந்தக் கதவு 1962ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒடுங்கியது. 1968இலும் 1971இலும் மேலும் ஒடுங்கியது. 1983 ஜனவரி முதலாம் நாள் நடைமுறைக்கு வந்த 1981ஆம் ஆண்டுச் சட்டம், பிரித்தானிய மண்ணிற் பிறந்தாலே குடியுரிமை என்ற பழைய விதியையும் நீக்கியது. கல்வின் என்ற குழந்தையின் வழக்கில் நிலைநிறுத்தப்பட்ட விதி, 375 ஆண்டுகளுக்குப் பின், இப்படி ஆரவாரமின்றி மறைந்தது. பெற்றோரில் ஒருவர் குடிமகனாகவோ நிரந்தர வதிவிடம் உள்ளவராகவோ இருத்தல் வேண்டும் என்பதே புதிய விதி.

விண்ட்ரஷ் கரைசேர்ந்த அதே 1948இல், இலங்கைப் பாராளுமன்றம் நிறைவேற்றிய பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரைப் பெரும்பாலும் நாடற்றவராக்கிற்று. அவர்களிடம் கேட்கப்பட்டது தந்தையின் அல்லது பாட்டனின் பிறப்புச் சான்று. தலைமுறை தலைமுறையாகத் தேயிலைத் தோட்டத்து லயன்களில் வாழ்ந்தோரிடம் அக்கடதாசி இருக்கவில்லை. அடுத்து, 1956ஆம் ஆண்டுச் சிங்களம் மட்டும் சட்டத்தைத் தொடர்ந்து அரசாங்க ஊழியர் சிங்களப் பரீட்சையிற் சித்தியெய்த வேண்டியவராயினர். கோடீஸ்வரன் என்னும் அரசாங்க எழுதுவினைஞர் அப்பரீட்சைக்குத் தோற்ற மறுத்தார். 1962இல் அவருடைய சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் வென்று, உயர் நீதிமன்றத்தில் தோற்று, ஈற்றில் இலண்டனிலிருந்த கோமறைக் கழகத்தை அடைந்தது. அரசாங்க ஊழியர் தம் சம்பளத்துக்காக அரசின்மீது வழக்கிடலாம் என 1969இல் அங்குத் தீர்ப்பாயிற்று. மொழிச்சட்டம் செல்லுமா என்ற மூலவினா மட்டும் மீண்டும் கொழும்புக்கே அனுப்பப்பட்டது. அதற்கு விடை கிடைக்குமுன் 1972இல் புதிய அரசியலமைப்பு வந்துவிட்டது. அரசு வைக்கும் பரீட்சை என்பது ஈழத்தமிழர் நினைவில் வெறுங் கல்வி விடயமன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

1983 ஜூலைக் கலவரத்தின் பின் பெருந்தொகையாகப் பிரித்தானியா வந்த தமிழர், தஞ்ச உரிமைக்காகப் பல்லாண்டுகள் காத்திருந்தனர். ஆனால் குடியுரிமைக்கு அவர்கள் தேர்வெழுதவில்லை. சட்டத்தரணி ஒருவர் முன்னிலையில் விசுவாசப் பிரமாணத்திற் கையொப்பமிட்டால், சான்றிதழ் தபாலில் வீட்டுக்கு வரும். 1981ஆம் ஆண்டுச் சட்டம் ஆங்கில, வெல்ஷ், கேலிக் மொழிகளுள் ஒன்றில் போதிய அறிவை வேண்டியதாயினும் அதனைச் சோதிக்கும் முறை இறுக்கமாக இருக்கவில்லை. அதனால் ஒரே குடும்பத்தில் அண்ணன் தபாலிலும் தம்பி பரீட்சை மண்டபத்திலும் குடியுரிமை பெற்ற நிலை உண்டாயிற்று.

மாற்றத்துக்கு உடனடிக் காரணம் 2001ஆம் ஆண்டுக் கோடைகாலத்தில் ஓல்டம், பேர்ன்லி, பிராட்போர்ட் ஆகிய வட இங்கிலாந்து நகரங்களில் மூண்ட இனக்கலவரங்கள். வெவ்வேறு சமூகத்தினர் ஒரே நகரில் ஒருவரையொருவர் அறியாது சமாந்தரமாக வாழ்கின்றனர் என்று டெட் கான்ரில் தலைமையிலான குழு அவ்வாண்டு டிசம்பரில் அறிக்கையிட்டது. உள்துறை அமைச்சர் டேவிட் பிளங்கெற் 2002இல் கொணர்ந்த சட்டம், மொழியறிவோடு ‘ஐக்கிய இராச்சியத்தின் வாழ்வு பற்றிய போதிய அறிவு’ என்னும் நிபந்தனையையும் சேர்த்தது. கலவரத்தில் ஈடுபட்ட இளைஞருட் பலர் பிரித்தானியாவிற் பிறந்தவர்கள். அவர்கள் எந்தத் தேர்வையும் எழுதவேண்டியவரல்லர். நோய் ஓரிடத்திலும் மருந்து வேறோரிடத்திலுமாக இருந்தது.

ஆயினும், அம்மருந்தைத் தயாரிக்க அமைக்கப்பட்ட குழுவின் தலைவர் குறுகிய மனத்தினரல்லர். அரசறிவியற் பேராசிரியரும் ஜோர்ஜ் ஓர்வெல்லின் வரலாற்றை எழுதியவருமான பேர்னாட் கிறிக், ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் பிளங்கெற்றின் ஆசிரியராய் இருந்தவர். 2003இல் அவர் குழு அளித்த அறிக்கை, புதிதாக வருவோருக்கு முதலில் வேண்டியது அன்றாட வாழ்க்கைக்கு உதவும் அறிவே எனக் கருதியது. வைத்தியரிடம் பதிவது எப்படி, பிள்ளையைப் பள்ளியிற் சேர்ப்பது எப்படி, வேலைத்தலத்தில் உரிமை யாது, வாக்களிப்பது எவ்வாறு என்பவையே அதற்கு முக்கியம். ஆங்கிலம் குறைந்தவர்க்கு வேறொரு வழியையும் அது வகுத்தது. அவர்கள் குடிமைப்பாடம் கலந்த ஆங்கில வகுப்பிற் சேர்ந்து ஒரு படி முன்னேறினாற் போதும், தேர்வு வேண்டியதில்லை. 2004 டிசம்பரில் வெளிவந்த முதற் கைந்நூலில் வரலாற்று அத்தியாயம் ஒன்று இருந்தது. அதில் பிழைகள் உண்டென்று வரலாற்றாசிரியர் குறைகூறினர். எனினும் அவ்வத்தியாயத்திலிருந்து வினாக்கள் கேட்கப்படவில்லை. 2007இல் நிரந்தர வதிவிடம் பெறுவதற்கும் இத்தேர்வு கட்டாயமானது. அவ்வாண்டு வந்த இரண்டாம் பதிப்பிலும் வரலாறு தேர்வுக்கு வெளியிலேயே நின்றது.

2013இல்தான் வரலாறு தேர்வினுள் வந்தது. தெரேசா மே உள்துறை அமைச்சராயிருந்த காலத்தில் வெளியான மூன்றாம் பதிப்பு, அவ்வாண்டு மார்ச் 25 தொடக்கம் தேர்வுக்குரிய நூலாயிற்று. நீர்மானி, புகையிரத நேர அட்டவணை போன்ற அற்ப விடயங்களை நீக்கிவிட்டதாக அமைச்சர்கள் பெருமையுடன் கூறினர். அவற்றின் இடத்தில் மன்னரும் போர்களும் கவிஞரும் விளையாட்டு வீரரும் வந்தமர்ந்தனர். அதே ஆண்டு ஒக்ரோபரில் ஆங்கில வகுப்பு என்ற மாற்றுவழியும் மூடப்பட்டது. ஐரோப்பிய அளவுகோலில் ‘பி1’ எனப்படும் தரத்தில் பேச்சு ஆங்கிலத்திற் தேர்ச்சியும் வேண்டும், வாழ்வியல் தேர்விலும் சித்தியெய்த வேண்டும் என்றாயிற்று. கிறிக் 2008இற் காலமாகிவிட்டமையால் தம் திட்டத்தின் தலைகீழ் மாற்றத்தைக் காணவில்லை.

இம்மாற்றத்தை ஆராய்ந்தவருள் டேர்ஹம் பல்கலைக்கழகப் பேராசிரியர் தொம் புரூக்ஸ் குறிப்பிடத்தக்கவர். அமெரிக்காவிற் பிறந்து 2009இல் தாமே தேர்வெழுதி 2011இல் பிரித்தானியக் குடிமகனானவர் அவர். மூன்றாம் பதிப்பில் ஏறத்தாழ 3,000 தகவல்களும் 278 வரலாற்றுக் காலக்குறிப்புகளும் உள்ளன என அவர் கணக்கிட்டார். இலண்டன் ஐ என்னும் இராட்சதச் சக்கரத்தின் உயரம் 443 அடி என்பது நூலில் உண்டு; ஆபத்தில் அழைக்கவேண்டிய 999 என்னும் தொலைபேசி எண் இல்லை. மதுச்சாலைகளில் நடக்கும் பொது அறிவுப் போட்டிக்கு இத்தேர்வை அவர் ஒப்பிட்டது பரவலாக எடுத்தாளப்பட்டது. முந்திய பதிப்பின் குறை வேறுவகையானது. அதில் பாராளுமன்ற உறுப்பினர் தொகை 646 என்றிருந்தது. 2010ஆம் ஆண்டுத் தேர்தலில் அத்தொகை 650 ஆகியது. நூலோ 2013 வரை மாறவில்லை. கைந்நூல் கூறுவதே சரியான விடை என்பதால், செய்தித்தாள் வாசிப்பவரே அதிகம் குழம்ப நேர்ந்தது. பிரபுக்கள் சபையின் குழுக்கள் 2018இலும் 2022இலும் இத்தேர்வைக் கடுமையாகக் குறைகூறித் திருத்தம் வேண்டின.

எண்களிலும் உயரங்களிலும் உள்ள குறை நகைப்புக்குரியது. பேரரசு பற்றிய பகுதியில் உள்ள குறை அத்தகையதன்று. 2020 ஜூலையில் நூற்றுக்கு மேற்பட்ட வரலாற்றாசிரியர் கையொப்பமிட்டு வெளியிட்ட திறந்த மடல் இதனையே எடுத்துக்காட்டியது. அடிமைமுறை பிரித்தானிய மண்ணிற் சட்டவிரோதமாய் இருந்ததென்றும், பேரரசு பெரும்பாலும் ஒழுங்கான முறையிற் பொதுநலவாயமாக மாறியதென்றும் கைந்நூல் கூறுவது உண்மையைத் திரிப்பது என்பது அவர்கள் வாதம். 1772இல் சோமசெற் வழக்கில் மான்ஸ்ஃபீல்ட் பிரபு அளித்த தீர்ப்பு, அடிமையொருவரை வலிந்து நாட்டைவிட்டு வெளியே கொண்டுசெல்வதைத் தடுத்ததேயன்றி அடிமைமுறையை ஒழித்துவிடவில்லை. 1833ஆம் ஆண்டுச் சட்டம் பேரரசில் அடிமைகளை விடுவித்தபோது 2 கோடி பவுண் நட்டஈடு கொடுக்கப்பட்டது. அது முதலாளிகளுக்கே சென்றது. விடுதலையானவர்க்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. அதற்காகப் பெற்ற கடன் முற்றாகத் தீர்க்கப்பட்டது 2015இல். அப்படியானால் மேற்கிந்தியத் தீவிலிருந்து வந்து, பிரித்தானியாவில் உழைத்து வரி செலுத்திய அடிமைகளின் சந்ததியாரும் அக்கடனை அடைப்பதற் பங்குகொண்டனர் என்றாகிறது. இது தேர்வுக்குரிய பாடமன்று.

பேரரசின் முடிவு பற்றிய கூற்றுக்கும் காலமே ஒரு குறிப்பு எழுதியது. புதிய கைந்நூல் மார்ச் மாதம் தேர்வுக்கு வந்த அதே 2013ஆம் ஆண்டு ஜூனில், வெளிநாட்டமைச்சர் வில்லியம் ஹேக் பாராளுமன்றத்தில் எழுந்து, கென்யாவின் மௌ மௌ கிளர்ச்சிக் காலத்துத் தடுப்புமுகாம்களில் பிரித்தானிய ஆட்சியின் கீழ் கென்யர் சித்திரவதை செய்யப்பட்டதை ஏற்று வருத்தந் தெரிவித்தார். 5,228 பேருக்கு 1 கோடி 99 இலட்சம் பவுண் வழங்க அரசு உடன்பட்டது. ஓர் அமைச்சு ஒழுங்கான மாற்றம் என்று அச்சிட்டதற்கு மறு அமைச்சு ஈடு செலுத்திக்கொண்டிருந்தது. அவ்வாண்டு தேர்வெழுதிய கென்யர் ஒருவர், மெய்யா பொய்யா என்னும் வினாவுக்கு எந்த விடையைத் தெரிவார்? சித்தியெய்த வேண்டுமாயின் நூலின் விடையைத்தான் தெரியவேண்டும். தான் அறிந்த வரலாற்றை வாயிலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகச்சொல்வது, 24 வினாக்களில் ஒன்றாயினும், சிறிய கோரிக்கையன்று.

கைந்நூல் முழுவதும் இத்தகையது எனக் கூறுதல் நியாயமாகாது. 1918இல் முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கும், 1928இல் ஆண்களுக்குச் சமமாக 21 வயதிலும் வாக்குரிமை வந்ததைத் தெளிவாகக் கூறுகின்றது. 1942ஆம் ஆண்டு பெவரிஜ் அறிக்கை, 1948இல் தேசிய சுகாதார சேவை என்பவை இந்நாட்டில் வாழ்வோர் அறியவேண்டியவையே. வங்கத்தில் 1759இற் பிறந்த சேக் தீன் மகமதுக்கும் அதில் இடமுண்டு. கிழக்கிந்தியக் கம்பனியின் வங்கப் படையிற் பணியாற்றி, 1782இல் பிரித்தானியா வந்து, அயர்லாந்திற் காதலித்த பெண்ணுடன் ஓடிப்போய் மணந்து, 1810இல் இலண்டன் ஜோர்ஜ் வீதியில் ‘ஹிந்தோஸ்தான் கோப்பி இல்லம்’ என்ற உணவகத்தைத் திறந்தவர் அவர். தலைக்கு எண்ணெய் வைத்துப் பிடித்துவிடும் இந்திய முறையை ஆங்கிலேயருக்கு அறிமுகஞ் செய்தவரும் அவரே. தேர்வுக்குப் படிப்பவர் எவரும் அவர் பெயர் வரும் பக்கத்தில் சற்று நின்றே அப்பாற் செல்வர். எனினும், உணவும் தலைமுழுக்கும் கொண்டுவந்த இந்தியருக்குக் கிடைத்த விளக்கம் உணவின்றி மடிந்த இந்தியருக்குக் கிடைக்கவில்லை. 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தில் இறந்தோர் தொகை முப்பது இலட்சம்வரை மதிப்பிடப்படுகின்றது.

இத்தேர்வால் யார் தடுக்கப்படுகின்றனர் என்பதே ஈற்றில் எஞ்சும் வினா. பல்கலைக்கழகம் கண்டவருக்கும் ஆங்கிலத்தில் தேறியவருக்கும் இரண்டு வாரப் படிப்பு போதும். பெரும்பாலோர் நூலை மூடிய மறுமாதமே அனைத்தையும் மறந்தும் விடுகின்றனர். போரினால் பள்ளிக்கல்வியைப் பாதியில் விட்டவரும், வீட்டிலும் கடையிலும் தமிழே பேசி முப்பதாண்டுகளைக் கழித்த தாய்மாரும்தாம் இடர்ப்படுகின்றனர். கிறிக் திறந்துவைத்த வகுப்பறை இவர்களுக்குரியது. நிரந்தர வதிவிடமின்றேல் வேலையும் வீடும் உறுதியில்லை. குடியுரிமையின்றேல் பாராளுமன்றத் தேர்தலில் வாக்கு இல்லை, கடவுச்சீட்டும் இல்லை. இலங்கைத் தமிழருக்குப் பொதுநலவாயக் குடிகள் என்ற முறையில், வதிவிட அனுமதி உள்ளவரை, வாக்குரிமை உண்டென்பது விதிவிலக்கு. பேரரசின் எச்சங்களுள் இது ஒன்றாவது பயன்படுகின்றது.

தேர்வில் சித்தியெய்தி விண்ணப்பமும் ஏற்கப்பட்டபின் நகரமண்டபத்தில் ஒரு வைபவம் நிகழும். இளவரசர் சார்ள்ஸ் கலந்துகொண்ட முதலாவது வைபவம் 2004 பெப்ரவரி 26இல், தமிழர் செறிந்து வாழும் வெம்பிளியை உள்ளடக்கிய பிரென்ட் மாநகரப் பிரிவில் நடைபெற்றது. அன்று அவருடைய தாயாரின் பெயரால் பிரமாணம் செய்தனர். 2022 செப்டம்பர் தொடக்கம் அவர் பெயராலேயே செய்கின்றனர். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கும் அறுபத்தைந்து வயது நிறைந்தவருக்கும் மொழித்தேர்வும் இல்லை, வாழ்வியல் தேர்வும் இல்லை. அறுபதைக் கடந்த முதியவர் சிலர், எட்டாம் ஹென்றியோடு போராடுவதை விடுத்து, அடுத்த பிறந்தநாள்களை எண்ணிக் காத்திருக்கின்றனர். அவர்களிடம் கேட்கப்படுபவை வசித்த ஆண்டுகளும் நன்னடத்தையும் விசுவாசப் பிரமாணமும் மட்டுமே. 1914க்கு முன் கேட்கப்பட்டவையும் ஏறத்தாழ இவையே.